இரண்டாம் பாகத்தை யாரிடம் கொடுப்பது

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் இரண்டாம் பாகத்தை எந்தக் கம்பெனி செய்யப்போகிறது என்பதில்தான் என் நண்பனின் கண்பார்வை அடங்கியிருக்கிறது என்று நான் நம்பினேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. மூட்டுவலி, பி.எஃப்., வாக்காளர் அட்டை எல்லாம் உண்டு. அப்படிப்பட்டவன்தான் இரண்டு மூன்று மாதம், மெதுவாக வேலை செய்கிற கம்பெனிக்குக் கிடைத்தால் அவன் கண் போய்விடும், வேகமாகச் செய்கிற கம்பெனிக்குக் கிடைத்தால் தப்பித்துக்கொள்வான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

இருவரும் திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்தோம். நான் சர்வேயர். பேரைக் கேட்டு நிலம் அளக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். வருகிற பெட்டிகளைச் சுற்றி வந்து எங்கே ஒடுங்கியிருக்கிறது, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று எழுதுகிறவன். அவன் ராயபுரத்துக்காரன், சர்ச்சுக்குப் பின்தெரு. பெட்டிகளைக் கவ்வித் தூக்கி ஐந்து அடுக்குவரை அடுக்குகிற பெரிய வண்டியை ஓட்டுகிறவன். அந்த வண்டியின் கைக்கு நான்கு மூலையிலும் ஒவ்வொரு கொக்கி. நான்கும் பெட்டியின் நான்கு மூலை ஓட்டைகளில் ஒரே சமயத்தில் உட்கார வேண்டும். அவன் ஒரே மூச்சில் உட்கார வைப்பான். மற்ற டிரைவர்கள் டீ கிளாஸோடு நின்று பார்ப்பார்கள்.

விளையாட்டுக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் பர்மா பஜாரில், அட்டையில்லாத ஒரு திருட்டு டிஸ்க்காக எங்களிடம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயிலேறி என் வீட்டுக்கு வந்துவிடுவான். உப்புக்காற்றில் துருப்பிடித்த என் கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினால் உயிர் வரும். மவுஸ் அவன் கையில். திரையில் வருகிற ஆங்கிலத்தை வாசித்துச் சொல்வது என் வேலை. ஊரூராகப் போய், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களோடு பேசிப் பேசி நகர்கிற கதை அது. பேச்சு பத்து நிமிஷம், சண்டை ஒரு நிமிஷம். நான் சும்மா இருப்பேனா? ராஜா தன் மந்திரியிடம் படையைத் திரட்டச் சொன்னால், ‘சம்பளம் போடலைன்னா எவனும் வரமாட்டான்’ என்று மந்திரி சொல்வதாக நானே சேர்த்துச் சொல்லுவேன். நான்கு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தான்.

“இங்க ஒரே ஒரு லைனு கீது, நீ அஞ்சு நிமிசமா பேசிகினு கீற. டபாய்க்கிறியா மாமு?”

அந்தக் கதை ஒரு ஆற்றங்கரையில் முடியும். நான்கு பேர் நிற்பார்கள், படகில் மூன்று பேருக்குத்தான் இடம். வைத்தியம் பார்க்கிற பெண் கரையிலேயே நின்றுகொள்வாள். படகு நகரும், திரை இருண்டுவிடும். மிச்சம் இரண்டாம் பாகத்தில் என்று போட்டிருந்தார்கள். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

என் நண்பனின் அப்பா கடலுக்குப் போனவர். அதனால் இந்த முடிவு அவனுக்குப் பொறுக்கவில்லை.

“கரையில ஆள நிக்க வச்சிட்டு படகு கெளம்புனா, திரும்பி வந்து ஏத்திகினு போவணும். அதான் முறை” என்பான்.

“கம்பெனியே மூடிட்டாங்கடா.”

“அவன் மூடுவான். அந்தப் பொம்பள தண்ணிய பாத்துகினே குந்திகினு கெடக்கணுமா?”

இப்படியே வருஷங்கள் ஓடின. அவனுக்குக் கல்யாணம் ஆனது, எனக்கும் ஆனது. அவனுக்குச் சர்க்கரை வந்தது. எனக்கு அது தவிர மற்றதெல்லாம் வந்தது. பிறகு ஒரு நாள், ஜப்பானில் ஒரு பெரிய கம்பெனி அந்த விளையாட்டின் உரிமையை வாங்கியிருப்பதாகவும், இரண்டாம் பாகத்தைச் செய்ய ஆள் தேடுவதாகவும் செய்தி வந்தது. உலகமே இரண்டு கட்சியானது. சரி, உலகத்தில் அந்த விளையாட்டை ஆடியவர்கள் இரண்டு கட்சியானோம்.

முதல் கட்சி ஆதரித்த கம்பெனிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தம்’. பழைய கம்பெனியிலிருந்து பிரிந்து, ஏதோ குளிர்நாட்டில் சின்னதாகக் கடை போட்டிருந்தவர்கள். தம் பிரியாணி மாதிரி மூடி போட்டு, மேலே கனல் வைத்து, நகராமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு விளையாட்டுக்கு எட்டு வருஷம். ஆனால் திறந்தால் தெரு முழுக்க மணக்கும். இரண்டாவது கட்சியின் கம்பெனி ‘ஃபாஸ்ட்ஃபுட்’. வருஷத்துக்கு ஒன்று, சுடச்சுட. பாதி வெந்திருக்கும். அவர்களுடைய ஒரு விளையாட்டில் குதிரை கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்கவே இறங்காது. இன்னொன்றில் ராஜாவுக்கு முகம் வராமல் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் நின்று நாட்டு மக்களுக்கு உரையாற்றும். நாங்கள் இருவருமே தம் கட்சி. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதைப் பற்றித்தான். எதிர்க்கட்சிக்காரன் ஒருவன்கூட யார்டில் இல்லாததால் எங்களுக்குள்ளேயே திட்டிக்கொள்வோம்.

அந்தச் சமயத்தில்தான் அவன் கொக்கி தவற ஆரம்பித்தது. ஒரே மூச்சில் உட்கார வைப்பவன் இரண்டு முறை, மூன்று முறை இறக்கி ஏற்றினான். கேட்டால் கண்ணாடி அழுக்கு என்றான். நானும் நம்பினேன். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றடிக்கிற நாளில் வண்டிக் கண்ணாடியில் சாம்பல் படிவது புதிதில்லை. அங்கே எதற்கும் அந்தச் சாம்பலையே காரணமாகச் சொல்லிவிடலாம்.

பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கும்மிருட்டில் ஓட்டை இருக்கிற இடத்தில் வெயில் ஊசிமுனை மாதிரி வரும். அதை எண்ணிக்கொண்டு வெளியே வர வேண்டும். ஒரு மதியம் ரொம்பப் பழைய பெட்டி ஒன்று வந்தது. உள்ளே போய் எண்ணினேன், பதினொன்று. அத்தனை ஓட்டையோடு ஒரு பெட்டி கடல் தாண்டி வந்திருக்கிறதே என்ற வேடிக்கையில் அவனைக் கூப்பிட்டேன்.

“வாடா, நட்சத்திரம் காட்றேன்.”

உள்ளே வந்தான். கதவைச் சாத்தினேன். அடுப்புக்குள் நிற்கிற மாதிரி சூடு.

“எத்தினி, சொல்லு?”

“மூணு” என்றான்.

“வெளாடாத.”

“மெய்யாலுமே மூணுதான் மாமு. இன்னாத்துக்கு கேக்குற? எத்தினி கீது?”

பத்துப் புள்ளிகளாவது நேராக அவன் முகத்துக்கு எதிரே இருந்தன. “மூணுதான்” என்றேன். கதவைத் திறந்தேன். வெயிலில் அவன் கதவின் கம்பியைக் கையால் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். மாலையில் அவன் மனைவிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மூன்று பேருமாகப் பெரிய கண் ஆசுபத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகப் பேசினார். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் கசிகின்றன, இரண்டு கண்ணிலும், வலதில் அதிகம். போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்ற மாதம் ஒரு ஊசி, கண்ணிலேயே. “விடாம வரணும். நல்லா இருக்கிற மாதிரி தோணும், வராம இருந்துடாதீங்க” என்று மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார். நாங்கள் மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினோம். என் தலைதான் அதிகமாக ஆடியது.

யார்டில் அவனை வண்டியிலிருந்து இறக்கி, கேட்டில் சீட்டு எழுத உட்கார வைத்தார்கள். அவனுடைய வண்டியை வேறொருவன் ஓட்டினான். கொக்கி உட்காரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவன் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “ரெண்டாவது தபா” என்பான், “மூணாவது தபா” என்பான். காதால் எண்ணினான்.

இப்போது என் பைத்தியம் தொடங்குகிறது. எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்பட எனக்குத் தைரியமில்லை. அவன் வேலை, அவன் குடும்பம், நாளைக்குத் தெருவைத் தாண்டுவது, இதையெல்லாம் நினைக்காமல் தள்ளிவைத்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். தம் கம்பெனிக்குக் கொடுத்தால் எட்டு வருஷம். அவன் கண் எட்டு வருஷம் தாங்குமா? ஃபாஸ்ட்ஃபுட்டுக்குக் கொடுத்தால் ஒன்றரை வருஷம். முகமில்லாத ராஜாவாக இருந்தால் என்ன, அவன் பார்த்துவிடுவான். அன்றைக்கே கட்சி மாறினேன். இன்டர்நெட்டில் கனடாவில் வசிக்கும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணாகவும், ஓய்வுபெற்ற மாலுமியாகவும், இன்னும் ஐந்தாறு பேராகவும் அவதாரம் எடுத்து, வேகம்தான் கலை என்று எழுதினேன். அந்த மாலுமிக்கு நிறைய ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

நண்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“இன்னா நைனா, திடீர்னு ஃபாஸ்ட்ஃபுட்டு நல்லா கீதுன்ற? எலக்‌ஷன் வருதா?”

“மனுசன் மாறக்கூடாதா?”

“இருபது வருசமா சட்டய மாத்தல, கட்சிய மாத்துறானாம்.”

அவன் சர்ச்சில் சனிக்கிழமை மாலை மாதாவுக்கு நவநாள் ஜெபம். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போட்டால், அன்றைக்கு, சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் எடுத்து வாசிப்பார், கூட்டம் மொத்தமும் சேர்ந்து மன்றாடும். நான் சாமி கும்பிடுவது ஒற்றியூர்க் கோயிலில்தான். ஆனால் அந்தப் பக்கம் இதுமாதிரி எழுதிப் போடுகிற வசதி எனக்குக் கண்ணில் படவில்லை. அவனையும் அவன் மனைவியையும் பார்க்கப் போகிற சாக்கில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். ‘இரண்டாம் பாகத்தின் வேலை இந்தக் கம்பெனிக்குக் கிடைக்க வேண்டும். சீக்கிரம்.’ கீழே கம்பெனியின் பெயர். மாதாவுக்குக் குழப்பம் வரக்கூடாதென்று ஆங்கிலத்திலும் எழுதினேன்.

கண் குணமாக வேண்டும் என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. இதை இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பேனா கையில் இருந்தது, சீட்டில் இடம் இருந்தது.

உபதேசியார் வாசித்துக்கொண்டே வந்தார். ஒருத்தருக்கு விசா, ஒருத்தரின் மகன் குடியை விட வேண்டும். அடுத்து என்னுடையது. கம்பெனியின் பெயரில் கொஞ்சம் தடுக்கி, பிறகு சமாளித்து, “இரண்டாம் பாக வேலை இந்தக் கம்பெனிக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு சகோதரருக்காக” என்றார். அத்தனை சனமும் உருக்கமாக மன்றாடியது. எனக்கு முன்வரிசையில் என் நண்பனின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறான் என்று பயந்தேன்.

வெளியே, அவன் மனைவி மெழுகுவத்தி ஏற்றப் போயிருந்த இடைவெளியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“ராயபுரமே ஃபாஸ்ட்ஃபுட்டுக்கு ஓட்டு போட்ருச்சி மாமு. என் பொண்டாட்டியும் சேர்ந்து வேண்டிக்கிச்சி. நீ நல்லா இருப்பியா?”

“நல்லதுக்குத்தான்டா.”

“இன்னா நல்லது? இன்னாத்துக்குக் கட்சி மாறுன, அத்த சொல்லு.”

ஏதாவது ஜோக் சொல்லியிருக்கலாம். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை. “தம்காரன் எட்டு வருசம் எடுத்துக்குவான்” என்றேன்.

சிரிப்பை நிறுத்தினான். “அதுவரிக்கும் என் கண்ணு தாங்காது. அதானே?”

நான் செருப்பைப் பார்த்தேன்.

“அதுக்கோசரம் வேகாதத துன்ன சொல்றியா?” என்றான். “எனக்கு தம்முதான். கண்ணு இருந்தாலும் சரி, இல்லாகாட்டியும் சரி. வந்து நிக்குற பொம்பளைக்கி மூஞ்சி இருக்கணும்டா.”

அப்போது அவன் மனைவி வந்துவிட்டாள். “இன்னா அண்ணே, ரெண்டு பேரும் சண்டையா?” என்றாள். இல்லை என்றோம்.

முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் நான்தான் லீவு போட்டுவிட்டு அழைத்துப் போனேன். அவன் மனைவி வீட்டு வேலைக்குப் போகிறவள். லீவு எடுத்தால் இன்னொருத்தியை வைத்துக்கொள்வார்கள். சொட்டு மருந்து விட்டு இரண்டு மணிநேரம் உட்கார வைப்பார்கள். இரண்டு கண்ணிலும் விடுவதால் எல்லாமே கலங்கித் தெரியும். பிறகு ஊசி, கண்ணுக்குப் பஞ்சு, தோளைப் பிடித்துக்கொண்டு ரயில். மறுநாள்தான் பார்வை தெளியும். “வலிக்குதா?” என்று கேட்டால், “உன் மொழிபெயர்ப்பு அளவுக்கு இல்ல” என்பான். இரண்டாவது ஊசிக்குப் பிறகு, கேட்டில் சீட்டில் இருக்கிற எழுத்து கொஞ்சம் கருப்பாகத் தெரிகிறது என்றான். அதற்காக அவன் மனைவி எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

மூன்றாவது ஊசிக்கு ஒரு வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். அதே வியாழன் மாலை நாலரைக்கு, யார் செய்யப்போகிறார்கள் என்பதைப் படத்தோடு அறிவிப்பதாக ஜப்பான் கம்பெனி சொன்னது.

இதில் பேச்சை முதலில் எடுத்தது அவன் இல்லை. பேசியது நான்தான். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னேன். “காலைல மருந்து வுட்டா சாயங்காலம் ஒண்ணும் தெரியாது. இருபது வருசம் காத்துகினு இருந்துட்டு, நான் பாத்து சொல்லி நீ கேக்கணுமா?”

“டாக்டரம்மா வுடக்கூடாதுன்னுச்சே.”

“வுட சொல்லல. ஒரு வாரம் தள்ளிப் போடலாம். ஒரு வாரத்துல இன்னா ஆயிடும்?”

டிபன் பாக்ஸை மூடி, திறந்து, மறுபடி மூடினான். “அவகிட்ட இன்னா சொல்றது?”

“எனக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிடு.”

“சரி” என்றான்.

அந்த மாலை என் வீட்டில் இரண்டு நாற்காலி போட்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தோம். வரிசையாக வேறு விளையாட்டுகளைக் காட்டிவிட்டு, எங்களுடையதைக் கடைசியில் காட்டினார்கள். அரை நிமிஷம்தான். ஒரு ஆறு, பனி, பழைய பாட்டின் நான்கு சுரம், பெயர். அதற்குக் கீழே கம்பெனியின் பெயர். தம்மும் இல்லை, ஃபாஸ்ட்ஃபுட்டும் இல்லை. மூன்றாவதாக ஒரு கம்பெனி. போனில் தேடிப் பார்த்தேன். அதுவரை உழவு விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தவர்கள்.

“டிராக்டர் ஓட்டுறவன்கிட்டயா குட்த்துகீறானுங்க?” என்றான் அவன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சிரித்து முடித்த பிறகுதான், எப்போது வரும் என்று அவர்கள் சொல்லவே இல்லை என்பது உறைத்தது.

மறுநாள் காலை புதுத் தேதி வாங்க ஆசுபத்திரிக்குப் போனேன். கூட்டம் அதிகம், மூன்று வாரம் கழித்துத்தான் இடம் இருந்தது. நான் ஒரு வாரம் என்று சொல்லியிருந்தேன். அவனிடம் போய்ச் சொன்னபோது, “பரவால்ல வுடு” என்றான்.

பத்தாவது நாள், காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அவனுடைய வலது கண்ணில் கறுப்பு நூல் பறந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கண் முழுக்க இருண்டுவிட்டது. கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். தேதிக்கு ஏன் வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டபோது, சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றான் அவன். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வந்திருந்தால் தடுத்திருக்க முடியுமா என்று பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அவன் மனைவி என்னைத் திட்டவில்லை. “லீவு கெடைக்கலன்னா எனக்கு ஒரு போன் போட்ருக்கலாமே அண்ணே” என்று மட்டும் கேட்டாள். லீவு கேட்கவே இல்லை என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

வலது கண்ணில் இப்போது லைட் எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது. இடது கண்ணுக்கு ஊசி தொடர்கிறது. சீட்டு எழுதும் வேலையும் போய்விட்டது. விளையாட்டு இன்னும் வரவில்லை. மாதாமாதம் அவனை ஆசுபத்திரிக்கு அழைத்துப் போவது அவன் மனைவி. அதற்காக அவள் இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டாள்.